கழனித்தண்ணி வாளியில் கட்டிய துணி

அந்த வருஷம் முதலில் செத்தது ஒரு வெள்ளாடு. காலையில் பட்டியைத் திறந்ததும் மற்ற ஆடுகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வெளியே வந்தன, அது மட்டும் வரவில்லை என்று வீட்டுக்கார அக்கா சொன்னார். பால் டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"கடியுமில்ல, காயமுமில்ல. வாயோரம் துளி நொரை. தூங்கறாப்பலயே கெடந்துச்சு அம்மிணி."

பாம்பாக இருக்குமோ என்று கேட்டேன். ஆடுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா இன்னும் இரண்டு நிமிடம் நிற்கட்டும் என்பதற்காகக் கேட்ட கேள்வி அது. அன்றைக்கு என்னோடு பேசப்போகிற ஒரே ஆள் அவர்தான்.

அப்போது நாங்கள் திருப்பூரில் நெருப்பெரிச்சலுக்கு வடக்கே, ஒரு தோட்டத்து ஓரமாகக் கட்டியிருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். முன்னால் ஒரு குழாய். ஐம்பதடி தள்ளி வீட்டுக்காரர் வீடு, அதையொட்டி மாடுகளுக்கான கட்டுத்தரை, அப்பால் ஆட்டுப்பட்டி. என் கணவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். பகல் ஷிப்ட்டில் வீட்டில் இருக்கமாட்டார். இரவு ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவார். குழந்தை அழுதால் எழுந்துவிடுவாரே என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுவேன். மற்ற ஐந்து வீட்டிலும் ஆணும் பெண்ணும் கம்பெனிக்குப் போகிறவர்கள். எட்டரை மணிக்குள் கதவுகளில் பூட்டு தொங்கும். அதன்பிறகு அந்த வரிசையில் நானும் என் பத்து மாதக் குழந்தையும்தான்.

நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கல்லூரியில் விலங்கியல் படித்திருந்தேன். லைனில் எனக்குப் 'படிச்ச புள்ள' என்று பெயர். அந்தப் பெயரால் ஒரு பயனும் இருக்கவில்லை. சாதாரணமாகப் பேச வந்தவர்கள்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றே பேசினார்கள்.

ஊரெல்லாம் மூட்டுவலிக் காய்ச்சல் வந்த வருஷம் அது. எனக்கும் வந்தது. காய்ச்சல் போன பிறகு தாய்ப்பால் குறைந்துவிட்டது. டப்பாப் பாலைக் குழந்தை நாக்கால் வெளியே தள்ளியது. ஒரு வயதுக்கு முன்னால் மாட்டுப்பால் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னது என் காதில் இருந்தது; பசியில் குழந்தை அழுததும் அதே காதில்தான் இருந்தது. அக்காதான் ஒரு வழி செய்தார். அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதென்றால் ஒரே மாட்டுப் பாலாகக் கொடுக்க வேண்டும். பல மாட்டுப் பால் கலந்தால் பிள்ளையின் வயிற்றுக்குச் சேராது என்பார்கள். கட்டுத்தரையில் மூன்று மாடுகள் நின்றன. அதில் செவலையின் பாலைத் தனியாகக் கறந்து, சொசைட்டிக் கேனில் ஊற்றுவதற்கு முன்பே ஒரு டம்ளர் எடுத்துவைத்து, அவரே கொண்டுவந்து தருவார். கொஞ்ச நாளில் செவலைக்கே 'பாப்பா மாடு' என்று பெயராகிவிட்டது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மூன்று கொதி விட்டு, ஆறவைத்துப் புகட்டுவேன். நர்ஸ் சொன்னதை மீறுகிறேன் என்ற எண்ணம் ஒவ்வொரு சங்குக்கும் வந்து போகும். ஆனால் குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது.

முதல் ஆட்டுக்குப் பத்து நாள் கழித்து இரண்டாவது. அதன்பின் ஒரே வாரத்தில் இரண்டு. எல்லாம் ஒரே மாதிரி. கடி இல்லை, காயம் இல்லை, முந்தின நாள் மாலை வரை நன்றாக மேய்ந்தவை.

குழாயடியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மழைக்குப் பிறகு அறுத்த தாளில் துளிர்த்த சோளத்தைத் தின்றிருக்கும், இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம் என்றார் வீட்டுக்காரர். நாலாவது ஆடு கட்டிப்போட்டிருந்த ஆடு, அது சோளக்காட்டுப் பக்கமே போகவில்லை என்று அக்கா அவரை மறுத்தார். மனிதனுக்கு வந்த காய்ச்சல்தான் ஆட்டுக்கும் வந்திருக்கிறது என்றாள் முதல் வீட்டுப் பெண். தேனிக்காரி அவள், என்னைவிட நாலைந்து வயது பெரியவள், எதையும் கேலியாகத்தான் பேசுவாள். ஆடு மூட்டைப் பிடித்துக்கொண்டு முனகியதை யாராவது பார்த்தீர்களா என்று அவளே கேட்டுச் சிரித்தாள். தோட்டத்தை ஒட்டிய ஓடைப் பள்ளத்தில் ஓடுகிற தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் வந்தது. எந்தச் சாயப்பட்டறைத் தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது, அதைக் குடித்துத்தான் செத்தன என்றார்கள் சிலர். வீட்டுக்காரருக்கும் அவருடைய பங்காளிக்கும் வேலித் தகராறு இருந்தது. அதனால் செய்வினை என்று மெதுவான குரலில் சொன்னார்கள். சேவூர்ப் பக்கம் ஏதோ மர்ம விலங்கு நடமாடுகிறது என்று பேப்பரில் வந்ததாக ஒருவர் சொன்னதும் நாலு நாள் காவல் போட்டார்கள். கடைசி வீட்டில் இருந்த இந்தி பேசும் இரண்டு பேரைக்கூட ஒரு வாரம் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஒரு குட்டியைத் தூக்கிக் கொஞ்சியதைத் தவிர வேறு குற்றம் எதுவும் இல்லை.

அவர்களுக்கெல்லாம் அது பேச்சு. காலையில் அரைமணி நேரம் பேசிவிட்டு கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவார்கள். நான் ஒவ்வொரு காரணத்தையும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு வந்து பால் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். பாம்பு என்றால் பாலுக்குப் பயமில்லை. சோளம் என்றாலும் இல்லை. சாயத்தண்ணி என்றால்? செவலையும் அந்தப் பள்ளத்துக் கரையில்தான் மேய்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், சாயம் சாகுமா? நோய் என்றால் ஆட்டிலிருந்து மாட்டுக்குத் தாவுமா, மாட்டிலிருந்து பாலுக்கு? மூன்று கொதியை ஐந்து கொதியாக்கினேன். பால் குறுகி ஏடு கட்டிப்போனது. குழந்தையின் நாக்கையும் நகத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கணவரிடம் சொன்னால், எல்லாப் பிள்ளையும் அந்த ஊர்ப் பாலைத்தான் குடிக்கிறது என்பார். அவர் சொன்னது சரி. ஆனாலும் அவர் தூங்கப் போன பிறகு மறுபடி நகத்தைப் பார்ப்பேன்.

என்னுடைய வாளியைப் பற்றி அதுவரை எனக்கு நினைப்பே வரவில்லை.

லைனில் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு வீட்டு வாசலிலும் ஆறு பிளாஸ்டிக் வாளி. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் சேரும். கழனித்தண்ணி என்பார்கள். காலையிலும் மாலையிலும் அக்கா வந்து ஒவ்வொன்றாக எடுத்துப்போய் மாட்டுத் தொட்டியில் கொட்டிக்கொண்டு, வாளியைத் திரும்ப வைத்துவிடுவார். சில வாளிகளில் மீன்முள்ளும் தலைமுடியும் கிடக்கிறது என்று ஒரு நாள் என்னிடம் வருத்தப்பட்டார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு மறந்துபோனார்கள். நான் அன்றைக்கே என் வாளியின் வாயில் ஒரு பனியன் துணியைக் கட்டினேன். கஞ்சியை அதன் மேல் ஊற்றினால் தண்ணீர் மட்டும் இறங்கும். ஈயும் மொய்க்காது, தவழ்கிற குழந்தையும் உள்ளே கைவிட முடியாது. அக்கா வருவதற்கு முன் துணியை அவிழ்த்து உதறிவிடுவேன். உன் வாளிதான் சுத்தம் என்று அக்கா ஒரு முறை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

துணிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. கம்பெனியில் வேஸ்ட் என்று ஒதுக்குகிற துண்டுத் துணிகளைக் கணவர் பையில் போட்டுக்கொண்டு வருவார். மெத்தென்ற பருத்தி. குழந்தைக்கு இடுப்புத்துணி, எனக்குக் கரித்துணி, எல்லாம் அதுதான். திருப்பூரில் வளர்கிற பிள்ளைகள் பாதிப் பேருக்கு முதல் உடுப்பு ஏதோ ஒரு நாட்டு ஆர்டரின் மிச்சத்துணிதான். ஆனால் அந்தத் துணியில் ஒரு பயம் உண்டு. நிட்டிங் மிஷினில் விரல் நீளத்துக்கு ஊசிகள் வட்டமாக நெருக்கி நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னக் கொக்கி. ஒன்று உடைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். உடனே மிஷினை நிறுத்தி, உடைந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அந்த அவசரத்தில் உடைந்ததைக் கையிலிருக்கும் வேஸ்ட்டில் குத்திவைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும்போது, கட்டப்போன இடுப்புத்துணியின் மடிப்பில் அப்படி ஓர் ஊசி என் விரலில் தைத்தது. என் விரலில் தைத்தது என்பதற்காகச் சந்தோஷப்பட்டேன். அதிலிருந்து குழந்தைக்கு எடுக்கிற ஒவ்வொரு துணியையும் அங்குலம் அங்குலமாக விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உபயோகிப்பேன்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் கறுப்பு வெள்ளை மாடு செத்தது. மூன்று நாளாகத் தீனி எடுக்காமல், முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, முனகிக்கொண்டே நின்ற மாடு. ஆடு செத்தபோது பேசியவர்கள் மாடு செத்தபோது பேசவில்லை. வீட்டுக்காரர் கால்நடை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு வந்து, அறுத்துப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். தோட்டத்துக் கோடியில், தென்னைகளுக்கு அப்பால் அறுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லைன் முழுக்க அங்கே நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்குப் போயிருக்கக் கூடாது. போனேன்.

மருத்துவர் வயிற்றிலிருந்து எடுத்ததை ஒரு சாக்கின் மேல் பரப்பினார். பிளாஸ்டிக் கவர்கள். நூலும் எலாஸ்டிக்கும் துணியும் சேர்ந்து தேங்காய் அளவுக்கு இறுகிய ஒரு உருண்டை. இரண்டு ஆணி. அப்புறம், தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது தெரிந்தது, தலையில் கொக்கி உடைந்த ஓர் ஊசி.

"இந்தப் பக்கம் எந்த மாட்டை அறுத்தாலும் இதேதானுங்க இருக்கும்," என்றார் மருத்துவர், கையைக் கழுவிக்கொண்டே. "இதனாலதான் செத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

அப்படியென்றால் ஆடுகள் ஏன் செத்தன என்று வீட்டுக்காரர் கேட்டார். மருத்துவர் ஈரலில் ஒரு துண்டைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு போனார், பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக. அதன் முடிவு என்ன ஆனதென்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

நான் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ஒரு பக்கத்தில் மெரூன் கோடு போட்ட துணி ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. என் வாளியில் கட்டியதும் மெரூன் கோடு போட்ட துணிதான். அந்த மழைக்காலத்தில் மூன்று முறையாவது காலையில் பார்த்தபோது வாளியில் துணி இல்லை. அவிழ்க்க மறந்திருப்பேன், ஈரத்தில் கனத்துக் கஞ்சிக்குள் இறங்கியிருக்கும். காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துக் கட்டினேன். உப்புக்கஞ்சி ஊறிய துணியை மாடு விடுமா?

குழந்தைக்கு எடுத்த துணிகளைத் தடவிப் பார்த்தவள், வாளிக்கு எடுத்ததைத் தடவிப் பார்த்தேனா என்பது எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த ஞாபகம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு, மெரூன் கோடு நம் வீட்டு ஆர்டரா, அந்தத் துணி ரோட்டோரக் குப்பை முழுக்கக் கிடக்கிறது, ஊர் மாடெல்லாம் அதில்தான் மேய்கிறது என்றார். அதுவும் உண்மை. எங்கள் தோட்டத்து முனையிலேயே யாரோ லோடு லோடாகக் கட்டிங் வேஸ்ட்டைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

"நீ வாயத் தொறக்காத. சொன்னா வீட்டக் காலி பண்ணுங்கும்பாக. பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போவ?"

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. துணியைப் பிரித்து அடுப்பில் போட்டேன். வாளியை வெறுமனே வைத்தேன். அக்கா வந்தார், டம்ளரைத் தந்தார், வாளியை எடுத்துப் போனார். செத்த மாடு அவர் கல்யாணமாகி வந்த பிறகு அந்தக் கட்டுத்தரையிலேயே பிறந்த கன்று என்று சொன்னார். நான் "பாவம்க்கா" என்றேன். அவர் நிற்கவேண்டும் என்று ஏங்கியவள், சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று அப்போது நினைத்தேன். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த மூன்று பகல்கள்தான் அந்த வீட்டில் நான் கழித்ததிலேயே நீளமானவை. குழந்தையிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், 'அம்மாதான்' என்று. அது சிரித்தது.

நாலாம் நாள் டம்ளரில் பாதிதான் பால் இருந்தது. செவலை ராத்தீனியைத் தொடவில்லை, அசை போடவில்லை, காம்பில் பால் சரியாக இறங்கவில்லை என்றார் அக்கா. சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

நான் உள்ளே வந்து டம்ளரை வைத்தேன். கல்லூரியில் மாட்டின் வயிற்றுக்குப் படம் வரைந்திருக்கிறேன். நாலு அறை. அழகாக வரைந்து பாகங்களைக் குறித்ததற்கு ஆசிரியை என் நோட்டை வகுப்பில் சுற்றுக்கு விட்டார். கனமாக எதை விழுங்கினாலும் இரண்டாவது அறையில் போய்த் தங்கும். அந்த அறைக்கு முன்னால் ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்கு அந்தப் பக்கம் இதயம். மாடு ஒவ்வொரு முறை அசைபோட வயிற்றைச் சுருக்கும்போதும் ஊசி ஒரு நூல் அளவு முன்னால் நகரும். இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு அந்த டம்ளர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

சொன்னால் வீடு போகும், பால் போகும், அக்கா போவார். சொல்லாவிட்டால் செவலை போகும், பாலும் போகும், அக்கா மட்டும் இருப்பார், நான் செய்தது தெரியாமல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனேன். வழியில் இரண்டு முறை திரும்பிவிட நினைத்தேன். ஐம்பதடி தூரம்தான்.

அக்கா செவலையின் விலாவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, துணி, காணாமல் போன நாட்கள், ஊசி. வரிசையாகச் சொல்ல வரவில்லை. ஊசியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு துணிக்கு வந்தேன். அவர் மாட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"எத்தன துணிங்க?" என்று கேட்டார்.

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

"மூணு அக்கா. நாலாக்கூட இருக்கலாம்."

"ஊசி இருந்துச்சுங்களா அதுல?"

"தெரியலக்கா. பாத்தேனான்னு ஞாபகமில்ல."

"ஞாபகமில்லீங்களா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் அதைத் திரும்பச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை செவலையின் வாலைப் பிடிக்கக் கையை நீட்டியது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியத்துக்குள் மருத்துவர் வந்தார். மண்ணைக் கொட்டி மேடாக்கி, செவலையின் முன்னங்கால் இரண்டையும் அதன் மேல் நிற்கும்படி கட்டச் சொன்னார். முன்பக்கம் உயர்ந்திருந்தால் உள்ளே இருப்பது பின்னால் சரியும், இதயத்துப் பக்கம் போகாது. ஊசி மருந்து போட்டுக்கொண்டிருக்கிற வரை பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். இதையெல்லாம் தேனிக்காரி எனக்கு வந்து சொன்னாள். என் வாசலிலிருந்து பார்த்தால் செவலை ஏதோ படியேறப் போய் நடுவில் நின்றுவிட்டது போலத் தெரியும். பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்கள் முழுவதும் குழந்தைக்கு டப்பாப் பால்தான். இரண்டு நாள் துப்பியது. மூன்றாம் நாள் பசி தாங்காமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அக்கா லைன் பக்கமே வரவில்லை. ஆறு வாளியும் வாசலில் நிரம்பிப் புளித்துப்போயின. அப்புறம் வீட்டுக்காரர் வந்து, இனிமேல் யார் வீட்டுக் கழனித்தண்ணியும் வேண்டாம், சாக்கடையில் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். என் பக்கம் பார்க்கவில்லை. காலி பண்ணச் சொல்வார் என்று காத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை.

குழாயடியில் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. தேனிக்காரி குடத்தை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்:

"ஏத்தா, திருப்பூருக்கு வந்து மனுசனுக்குப் பனியன் போட்டவுக உண்டு. வாளிக்குப் பனியன் போட்டு விட்டவ நீ ஒருத்திதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னைத் தேற்றத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். வேன் வந்ததும் போய்விட்டார்கள்.

செவலை பிழைத்தது. பத்தாம் நாள் அசைபோட ஆரம்பித்தது. ஊசி உள்ளே இருந்ததா, பின்னால் சரிந்ததா, அல்லது வெறும் செரிமானக் கோளாறா, யாருக்கும் தெரியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு மறுவாரம் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தபோது, வாசல் கட்டைச் சுவரின் மேல் பால் டம்ளர் இருந்தது. மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது. ஆளைக் காணோம். மறுநாளும் அப்படியே. சீக்கிரம் எழுந்து கதவருகில் நின்றுகொண்டேன். அக்கா வந்தார், டம்ளரை வைத்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"பால் வெச்சிருக்கறனுங்க."

"சரிங்கக்கா."

"பாப்பா மாட்டுதுதானுங்க," என்றார். போய்விட்டார்.

குழந்தையின் பாலை அவர் நிறுத்தவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு நாளும் அவர் என் வாசலில் நின்று பேசவில்லை. மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. பார்த்தால் "வாங்க" என்றார், "நல்லாருக்கறீங்களா" என்று கேட்டார். என்னைத் தவிர மற்றவர்களிடமெல்லாம் 'வா அம்மிணி' என்று பேசியது எனக்குக் கேட்கும்.

தை மாதத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளியின் தோட்டத்தில் ஆடுகள் சாக ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் ஐந்து. கடி இல்லை, காயம் இல்லை. அங்கே லைன் வீடு கிடையாது. கழனித்தண்ணி கொடுக்க ஆள் கிடையாது. செய்வினை என்றவர்கள் இப்போது அதை வீட்டுக்காரர் வைத்தது என்று திருப்பிச் சொன்னார்கள். நான் அதைக் கேட்டபோது முதலில் என் மனதில் வந்தது நிம்மதி. ஐந்து ஆடு செத்ததற்கு நிம்மதிப்பட்டவளாகிவிட்டேனே என்று அடுத்து வந்தது. அக்காவிடம் போய், பாருங்கள் அக்கா, ஆடுகள் என்னால் இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆடுகள் என்னால் என்று அவர் எப்போது சொன்னார்? மாட்டைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரிந்துவிடவில்லை. போகவில்லை.

வீட்டுக்காரர் சாக்கடையில் ஊற்றச் சொன்னார் என்றாலும், கஞ்சியைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. வேப்பமரத்தடியில் மண்ணில் ஊற்றுவேன். ஒரு நாள் மதியம், கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார், குழந்தை என் மடியில் இருந்தது. பட்டியில் மிஞ்சியிருந்த ஆடுகளில் ஒன்று, காது வெள்ளையான ஒரு பெட்டை, வந்து அந்த ஈர மண்ணை நக்க ஆரம்பித்தது. எழுந்து விரட்டினேன். இரண்டடி போய் நின்று என்னைப் பார்த்தது. மறுபடி வந்தது. மறுபடி விரட்டினேன். அக்கா வீட்டுப் பக்கம் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. எங்கோ நிட்டிங் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் முறை அது வந்தபோது, குழந்தையைக் கீழே உட்காரவைத்துவிட்டு, அந்த ஈர மண்ணைக் கை நிறைய அள்ளி விரல்களுக்கிடையில் விட்டுப் பார்த்தேன். ஊற்றிய இடம் முழுவதையும் அப்படியே கிளறிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு முறை பார்த்தேன். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விலகி உட்கார்ந்தேன். ஆடு வந்து நக்கியது. அது நக்கி முடிக்கும் வரை அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.